பூனை விழுங்கிய நூல்: கொடைக்கானல் சீசனில் நான் பட்ட பாடு

வீட்டில் பூனை இருந்து, நீங்களும் ஸ்வெட்டர், குல்லா என்று எதையாவது பின்னுகிறவராக இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். நீளமாகத்தான் இருக்கும். போன மே மாதம் எனக்கு இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் எங்கள் பூனை பஞ்சுவின் குடலை மூன்று இடத்தில் திறக்க வேண்டி வந்திருக்காது, 27,000 ரூபாய்க்கு மேல் போயிருக்காது, அந்த நாலு ராத்திரியும் எனக்கு வந்திருக்காது. இருபது வருஷமாகப் பின்னுகிறேன். பூனையும் நூலும் ஒன்றாக இருக்கிற படத்தைக் காலண்டரிலும் வாழ்த்து அட்டையிலும் பார்த்துப் பார்த்து, அது இரண்டும் சேர்ந்து இருக்கிறதுதான் அழகு என்றே நம்பியிருந்தேன்.

எங்கள் வீடு கொடைக்கானலில் நாயுடுபுரம் பக்கம். வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுகிறார். மாமியார், பன்னிரண்டாம் வகுப்பு பரீட்சை எழுதி முடித்திருந்த மகள், கருப்பன் என்கிற நாய், அப்புறம் பஞ்சு. ஏரிப் பக்கம் இருக்கிற இரண்டு கடைகளுக்கு நான் குழந்தைக் குல்லா, மஃப்ளர் பின்னித் தருவேன். வெயில் காலத்தில் யார் கம்பளி வாங்குவார்கள் என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தோன்றலாம். எங்களுக்கு ஏப்ரலும் மேயும்தான் விற்கிற மாதமே. மதுரை வெயிலில் காட்டன் சட்டையோடு கிளம்பி வருகிறார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கினதும் பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும், அப்பாக்காரர் உடனே கடையைத் தேடுவார். போன சீசனுக்கு ஒரு கடைக்காரர் 60 குல்லா கேட்டிருந்தார், ஒன்று 110 ரூபாய், மே கடைசி வாரத்துக்குள். நூல் செலவு போக ஒரு குல்லாவுக்கு எழுபது, எழுபத்தைந்து ரூபாய் நிற்கும். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மே மாதத்தில் எங்கள் வீட்டு நாள் தண்ணீரில்தான் ஆரம்பிக்கும். குழாயில் வருகிற அன்றைக்கு எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து வைத்துக்கொண்டு, துணி அலசின தண்ணீரை ஹைட்ரேஞ்சியாவுக்கும் ஜெரேனியத்துக்கும் ஊற்றுவோம். (எங்கள் மண் புளிப்பு மண், அதனால் ஹைட்ரேஞ்சியா நல்ல நீலமாகப் பூக்கும். அதே செடியைச் சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் போகும்.) பின்பக்கம் இரண்டு பாத்தி பீன்ஸ், கொஞ்சம் கேரட், ஒரு சௌசௌ பந்தல், மரத்தக்காளி, வேலி ஓரம் ஒரு பிளம்ஸ் மரம். பத்து மணிக்கு மேல் மாமியார் வெயிலில் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்வார்கள், நான் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பின்னுவேன். கருப்பன் வாசற்படியில் படுத்திருப்பான், பஞ்சு என் மடியில்.

பஞ்சு எங்களிடம் வந்தது அதற்கு முந்தின வருஷம் மார்ச்சில். உருளைக்கிழங்கு வயல் ஓரத்தில் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது, மூன்று நாலு வாரக் குட்டி, தாயைக் காணோம். மாமியாரின் கம்பளிச் சால்வைதான் அதற்குப் படுக்கை. படுத்ததும் முன்னங்கால் இரண்டாலும் மாவு பிசைகிற மாதிரி பிசைந்து, சால்வை முனையை வாயில் வைத்துச் சப்பும். பெரிதான பிறகும் அது நிற்கவில்லை. நாங்கள் அதை வீடியோ எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம், எல்லாரும் ஆசையாகப் பார்த்தார்கள். அதுதான் முதல் எச்சரிக்கை என்று எங்களுக்குத் தெரியவில்லை. தாய்ப்பால் சீக்கிரம் நின்றுபோன குட்டிகளில் சிலதுக்குக் கம்பளி சப்புகிற பழக்கம் வரும் என்றும், சப்பல் ஒரு நாள் மெல்லுவதாகி, மெல்லுவது விழுங்குவதாகிவிடும் என்றும் பின்னால் மருத்துவர் சொன்னார். உங்கள் பூனை போர்வை, ஸ்வெட்டர், சாக்ஸ் எதையாவது சப்பினால் தயவுசெய்து ரசிக்காதீர்கள். அதன் கண்ணில் படாமல் அந்தத் துணியை உள்ளே எடுத்து வையுங்கள், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சம்பவம் நடந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். வீட்டுக்காரர் மறுநாள் காலையில் ஒரு குடும்பத்தை மூணாறுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று வண்டி கழுவக் கிளம்பிப் போயிருந்தார். நான் 39ஆவது குல்லாவில் இருந்தேன், பிஸ்தா பச்சை நூல். பின்பக்கம் சடசடவென்று சத்தம், கருப்பன் தொண்டை கிழியக் குரைக்கிறான். பார்த்தால் ஒரு காட்டுமாடு வேலியைத் தள்ளிக்கொண்டு பீன்ஸ் பாத்தியில் நிற்கிறது. கொடைக்கானலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், அது ஊருக்குள் வருவது புதுசில்லை, ஆனால் அவ்வளவு பெரிய உருவத்தைப் பத்தடி தூரத்தில் பார்த்தால் கை கால் நடுங்கத்தான் செய்யும். பின்னலை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு, மாமியாரை உள்ளே இழுத்து, நாயைக் கட்டி, தகரத்தைத் தட்டி, அது தானாகப் போகிற வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் குல்லா தரையில் கிடக்கிறது, ஏழெட்டுக் கண்ணி ஊசியிலிருந்து நழுவியிருக்கிறது, நூல் அறுந்திருக்கிறது. இரண்டு ஊசியும் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அப்பாடா என்று நழுவின கண்ணியை எடுத்து, நூலை முடிச்சுப் போட்டு, மேலே பின்ன ஆரம்பித்துவிட்டேன். அறுந்த இரண்டு முனைக்கும் நடுவில் எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. கண் முன்னால் பீன்ஸ் பாத்தி மிதிபட்டுக் கிடந்தது, மனசெல்லாம் அதில்தான்.

அதைக் கண்டுபிடிக்க எளிதான வழி இருக்கிறது, அப்போது தெரியவில்லை. நூல்கண்டைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் போதும். 50 கிராமுக்கு எத்தனை மீட்டர் என்று லேபிளில் போட்டிருக்கும். பின்னினது எத்தனை கிராம், கண்டில் மிச்சம் எத்தனை கிராம் என்று பார்த்தால் பெரிய துண்டு குறைந்திருப்பது தெரிந்துவிடும். சின்னத் துண்டு தராசில் தெரியாது, அதற்குத்தான் அறுந்த முனையைப் பார்க்க வேண்டும். பிய்ந்து, ஈரமாக, எச்சில் பட்ட மாதிரி இருந்தால் பூனை வாயில் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். என் முனை அப்படித்தான் இருந்தது. முடிச்சுப் போடும்போது விரலில் ஈரம் பட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் பஞ்சு நுரை நுரையாக வாந்தி எடுத்தது. நெத்திலியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. வெயில் காலத்தில் பூனைக்கு முடி அதிகம் கொட்டும், நக்கி நக்கி வயிற்றில் முடி சேரும், வாந்தியில் வந்துவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு. மத்தியானம் இன்னும் இரண்டு தடவை. சாயங்காலம் கட்டிலுக்கு அடியில் போய் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மாமியார் பரிதாபப்பட்டுச் சங்கில் கொஞ்சம் விளக்கெண்ணெய் எடுத்துப் புகட்டினார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்த பழக்கம். நானும் தடுக்கவில்லை. இதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். குடலில் நூல் இருக்கும்போது பேதிக்குக் கொடுத்தால் குடல் இன்னும் வேகமாகத் தள்ளும், நூல் இன்னும் இறுகும். வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றின எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதும் கூடாது. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடவே கூடாது, பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரை எடுக்கப் போதும்.

சனிக்கிழமை விடிகாலையில் வாலுக்கு அடியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. இரண்டு விரல் நீளத்துக்கு நூல். அந்த நிமிஷம்தான் வியாழக்கிழமை சாயங்காலம் மொத்தமும் என் தலையில் இடித்தது. வெளியே வருகிறதே, மெதுவாக எடுத்துவிடலாம் என்று லேசாக இழுத்தேன். பஞ்சு அதுவரைக்கும் நான் கேட்டிராத ஒரு குரலில் கத்தியது. கையை எடுத்துவிட்டேன். அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. வாயிலோ பின்பக்கமோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், நீங்களாக வெட்டவும் வேண்டாம். மறுமுனை எங்கே மாட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. நாக்குக்கு அடியில் சுற்றிக்கொண்டிருக்கலாம், வயிற்றில் கண்டாகத் தங்கியிருக்கலாம். குடல் முழுக்க ஓடுகிற நூலை ஒரு முனையில் இழுத்தால் அது ரம்பம் மாதிரி குடலை அறுக்கும்.

ஒன்பது மணிக்கு இங்கே இருக்கிற கால்நடை மருத்துவரிடம் போனேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். எலி மருந்து, நத்தை மருந்து வைத்தீர்களா, தோட்டத்தில் என்னென்ன செடி இருக்கிறது என்று முதலில் விசாரித்தார். செடிப் பேர்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஹைட்ரேஞ்சியா தின்றால் வாந்தி வரும் என்றார், காலா லில்லி வாயை எரிக்கும் என்றார், ஆனால் கிழங்கு வாங்கி நடுகிற நிஜ லில்லி மட்டும் பூனை இருக்கிற வீட்டில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும் என்றார். எங்களிடம் அது இல்லை, நல்லவேளை. அப்புறம் நூலைக் காட்டினேன். அதைச் செடிப் பேச்சுக்கு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, என்னால்தான் ஆனது என்று சொல்ல நாக்கு எழவில்லை, அதில் பத்து நிமிஷம் போயிற்று. நீங்கள் போனால் முதல் வார்த்தையாக "நூல் விழுங்கியிருக்கும்" என்று சொல்லுங்கள், அதே நூலில் ஒரு துண்டு எடுத்துப் போங்கள். மருத்துவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தார், அங்கே இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. "இங்க எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இல்லம்மா. இது ஆபரேஷன் கேஸ். மதுரைக்குப் போயிருங்க, இன்னைக்கே. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருந்திராதீங்க" என்றார். தோலுக்கு அடியில் சலைன் ஏற்றி, ஒரு ஊசி போட்டு, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அவரே போன் பண்ணிச் சொன்னார்.

கம்பளி ஆட்டு முடிதானே, கரைந்துவிடாதா என்று அவரிடம் கேட்டேன், அப்படித்தான் நினைத்திருந்தேன். கரையாது. ஆட்டுக் கம்பளியும் கரையாது, அக்ரிலிக் நூலும் கரையாது, பருத்தி நூலும் கரையாது. பூனையின் நாக்கில் இருக்கிற முள்ளெல்லாம் உள்பக்கம் பார்த்துச் சாய்ந்திருக்கும், அதனால் ஒரு முனை நாக்கில் ஒட்டிவிட்டால் அதற்குத் துப்பத் தெரியாது, விழுங்கிக்கொண்டேதான் போகும். விளையாடித் தின்கிறது, திமிர் என்றெல்லாம் அதைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

சரி, மதுரைக்கு எப்படிப் போவது? மே மாதச் சனிக்கிழமை. 2024 மே 7ஆம் தேதியிலிருந்து இ-பாஸ் வந்தாயிற்று, 2025 ஏப்ரலிலிருந்து கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் கணக்கும் வைத்துவிட்டது, இருந்தாலும் சீசன் சனிக்கிழமையில் அந்த ஒற்றை மலைப்பாதை தாங்குகிற அளவு வேறு. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. அவர் சிநேகிதர்கள் நாலு பேரைக் கேட்டேன், எல்லா வண்டியும் சவாரியில். ஒருவர் 5,500 சொன்னார், அதுவும் மத்தியானத்துக்கு மேல். மகளை மாமியாரோடு விட்டுவிட்டுப் பூனையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மூஞ்சிக்கல் ரோட்டில் நின்றேன். டாக்ஸிக்காரர் பெண்டாட்டி, அன்றைக்கு ஒரு வண்டி கிடைக்கவில்லை. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு அழுதேன், யாரும் கவனிக்கவில்லை.

பிளம்ஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு வத்தலகுண்டு போகிற வேன் ஒன்று நின்றது. டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "என்னக்கா, துண்டுல எப்படிக் கொண்டுபோவீங்க? வெயில் ஏறினா பிறாண்டிட்டு ஓடிரும்" என்று இறங்கி, இரண்டு காய்கறி ட்ரேயை வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்து, நாலு பக்கமும் சணலால் கட்டி, ஒரு கூண்டு செய்து கொடுத்தார். சுற்றிலும் ஓட்டை இருப்பதால் காற்று நன்றாகப் போகும். இதைவிடச் சிக்கனமான யோசனை எனக்குத் தெரிந்து இல்லை, வீட்டில் இரண்டு ட்ரே போட்டு வையுங்கள். பெருமாள்மலை போய்ச் சேரவே மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை, ஏறுகிற வண்டிகள் இரண்டு வரிசையாக வந்து நின்றுகொண்டு இறங்குகிறவர்களுக்கு வழியே விடவில்லை. அடுக்கம் வழியாகப் பெரியகுளம் இறங்கிவிடலாமா என்று கேட்டேன். அந்தத் தம்பி வேண்டாம் என்றார், ரோடு ஒடுக்கம், நேற்று மழை பெய்திருக்கிறது, மண் சரிந்திருந்தால் திரும்பவும் முடியாது என்றார். சீசனில் அவசரம் என்றால் காலை ஆறு, ஆறரைக்கு முன்னாடி பெருமாள்மலையைத் தாண்டிவிட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. நூலைப் பார்த்தது ஐந்தரைக்கு. ஒன்பது மணி வரைக்கும் மருத்துவமனை திறக்கக் காத்திருந்தேன். மருத்துவருடைய நம்பர் கையில் இருந்திருந்தால் அப்போதே போனில் கேட்டுக்கொண்டு நேராகக் கீழே இறங்கியிருக்கலாம்.

டம் டம் பாறை தாண்டினதும் அனல். கத்திரி வெயில் நேரம், 20 டிகிரியில் பழகின உயிர் இரண்டு மணி நேரத்தில் 40 டிகிரிக்கு இறங்குகிறது. ட்ரே மேல் ஈரத்துணி போட்டு, காய்ந்ததும் திரும்ப நனைத்து, அப்படியே கொண்டுபோனேன். உள்ளே ஊற்றவில்லை, குடிக்கவும் கொடுக்கவில்லை, அறுவை சிகிச்சை இருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார். வத்தலகுண்டில் மூன்றே காலுக்கு இறங்கினேன். அந்தத் தம்பி காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அங்கிருந்து டாக்ஸி 2,200 ரூபாய், நிலக்கோட்டை, வாடிப்பட்டி வழியாக ஐந்து மணிக்கு மதுரை.

எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பாவாடை நாடாவ இழுத்தா துணி சுருங்குதில்ல, அது மாதிரி குடல் நூல்மேல சுருங்கிக் கிடக்கு. எக்ஸ்ரேல நூல் தெரியாது, இந்தச் சுருக்கம்தான் தெரியும்." எங்கேயாவது ஓட்டை விழுந்திருந்தால் பிழைப்பது கஷ்டம், திறந்துதான் பார்க்க வேண்டும், அறுவை சிகிச்சைக்கு 14,000, முன்பணம் 10,000 என்றார். அப்போது என் மனசில் ஓடினதைச் சொல்லிவிடுகிறேன். மகளுக்குக் கல்லூரி அட்மிஷன் வருகிறது, 60 குல்லாவுக்கும் சேர்த்து, நூல் செலவைக் கழிக்காமலே, வரப்போவது 6,600, இதைத் திரும்பக் கொண்டுபோய்விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ட்ரேயைப் பார்த்தேன். ஓட்டை வழியாக விரலை விட்டேன், பஞ்சு அந்த நிலைமையிலும் விரலை நக்கியது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கணக்கில் 6,400 இருந்தது. மகளுக்குப் போன் பண்ணினேன், அவள் சேர்த்து வைத்திருந்த 3,000 அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 5,000 வந்தது. மாமியார் சுருக்குப் பையில் வைத்திருந்த முதியோர் பென்ஷன் பணத்தை மகளிடம் கொடுத்து, தெரு முனை மளிகைக் கடைக்காரர் மூலம் ஜிபேயில் போடச் சொல்லியிருக்கிறார்கள். விளக்கெண்ணெய் கொடுத்தது தப்பாகிப்போச்சே என்று அவர்கள் வீட்டில் அழுதுகொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

ஏழரைக்கு உள்ளே எடுத்துப்போனார்கள். இரண்டு மணி நேரம். ஒரு உறவுக்காரர் போனில் "ஒரு பூனைக்கா இவ்வளவு?" என்று கேட்டார், பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வயிற்றில் ஒரு இடம், குடலில் மூன்று இடம் திறந்து நூலைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். எல்லாம் சேர்த்து நாலடிக்கு மேல். ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள், பித்த நிறம் ஏறியிருந்தது, இருந்தாலும் என் பிஸ்தா பச்சை எனக்குத் தெரியாதா? ஒரு இடத்தில் குடல் சுவர் கறுத்து மெலிந்திருந்தது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஓட்டைதான் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். மூணாறில் அப்போதுதான் சிக்னல் கிடைத்திருக்கிறது. அவர் குரலைக் கேட்டதும்தான் அன்றைக்கு முழுக்க நான் எதுவும் சாப்பிடவில்லை என்பதே ஞாபகம் வந்தது.

செலவை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். டாக்ஸி 2,200. எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தம் 3,200. அறுவை சிகிச்சை, மயக்க மருந்து 14,000. மூன்று நாள் உள்ளே வைத்திருந்ததற்கு 3,600. மருந்து 1,150. பக்கத்தில் லாட்ஜிலும் சாப்பாட்டுக்கும் 3,300. மொத்தம் 27,450. இது போக, முடிக்காத 22 குல்லா. கடைக்காரர் கோபப்படவில்லை, ஆனால் சீசன் ஓடுகிறதே, அவர் லூதியானாவிலிருந்து வருகிற ரெடிமேட் சரக்கு வாங்கித் தொங்கவிட்டுவிட்டார், 2,420 ரூபாய் அதில் போயிற்று. தேனியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது, நமக்கு மதுரையைவிட ரொம்பத் தூரமில்லை என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. அங்கே என்ன நேரம், என்ன வசதி என்று சும்மா இருக்கும்போதே விசாரித்து வைத்திருக்கலாம். நீங்கள் எந்த மலையில் இருந்தாலும் கீழே இரண்டு இடத்துக்கு இப்போதே போன் பண்ணிக் கேளுங்கள்: பூனைக்கு அறுவை சிகிச்சை செய்வீர்களா, எக்ஸ்ரே இருக்கிறதா, சனி ஞாயிறு ராத்திரி யார் எடுப்பார்கள்? அந்த நம்பரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நான் இப்போது விற்கிற ஒவ்வொரு குல்லாவுக்கும் இருபது ரூபாய் தனி டப்பாவில் போடுகிறேன், கருப்பனுக்கும் பஞ்சுவுக்கும் மட்டும் என்று.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்காரர் வந்து கூட்டிவந்தார். முதல் வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு ஸ்பூன் கோழி வேகவைத்து அரைத்தது, உப்பு மஞ்சள் எதுவும் இல்லாமல். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாட்டி அனுப்பினார்கள், அதோடு அது சுவரில் முட்டி முட்டி விழுந்தது. மகளின் பழைய டீசர்ட் கையை வெட்டி, காலுக்கு நாலு ஓட்டை போட்டு மாட்டினேன், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான். 12ஆம் நாள் தையல் பிரித்தார்கள், அதை இங்கேயே செய்துவிட்டார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் ஊசியைத் தொடவில்லை. தொட மனசே வரவில்லை. காட்டுமாடு இன்னும் இரண்டு தடவை வந்து பீன்ஸ் கொடியைச் சுத்தமாக முடித்துவிட்டது, அதுவும் பெரிதாகத் தோன்றவில்லை.

பின்னுகிறதை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். மாமியார்தான், "கத்தி இருக்கிற வீட்டுல பிள்ளை வளர்க்கலையா, எட்டாத இடத்துல வைக்கிறோம்ல" என்றார்கள். இப்போது என் முறை இதுதான். முன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பின்னுகிறேன். எழுந்தால், ஒரு நிமிஷத்துக்கு என்றாலும், பின்னல் ஜிப் வைத்த பைக்குள் போய்விடும். கூடை, துணிப்பை, மூடாத டப்பா எதுவும் உதவாது, பூனை தலையை நுழைத்துவிடும். நறுக்குகிற முனைகள் எல்லாம் மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னுக்குள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், கிளறி எடுக்கும். தையல் ஊசி கோத்த நூல் இன்னும் மோசம், அது ஊசியையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டு போகும். ஜரிகை, பரிசுப் பொட்டலத்து ரிப்பன், பூக்கட்டுகிற நார், கறி கட்டி வந்த நூல், எல்லாம் இதே கணக்குத்தான். பூ கட்டிக்கொண்டே பக்கத்தில் பூனையை வைத்திருக்கிற வீடு நம் ஊரில் எத்தனை. நாய்க்கும் இது வரும், கருப்பன் நூலைத் திரும்பிப் பார்க்காதவன் என்பதால் தப்பித்தான். மெல்லுகிற ஆசைக்கு ஒரு தொட்டியில் கோதுமை விதைத்து வைத்திருக்கிறேன், ஐந்தாறு நாளில் புல்லாக வந்துவிடுகிறது, பஞ்சு காலையில் போய் அதைக் கடித்துக்கொள்கிறது. சால்வை டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது, மாமியார் இப்போது பருத்திப் போர்வைதான் போர்த்துகிறார்கள், குளிரில் கொஞ்சம் கஷ்டம்தான், கேட்டால் பழகிவிட்டது என்கிறார்கள்.

இந்த சீசனுக்கு அதே கடைக்காரர் 40 குல்லா கேட்டிருக்கிறார். பாதிப் பணம் முன்னால் வாங்கிக்கொண்டேன். நான் பின்னுகிற நேரமெல்லாம் பஞ்சு கதவுக்கு வெளியே படுத்துக்கொண்டு, அடியில் இருக்கிற இடுக்கில் ஒரு காலை நீட்டித் தட்டிக்கொண்டே இருக்கிறது. நேற்று இரண்டு குல்லா முடிந்தது, நறுக்கின முனை ஒன்பது. எண்ணி டின்னில் போட்டு, மூடியை அழுத்திவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.